கபடி மைக்கில் ரத்தம் கேட்பது எப்படி

பகலில் அறந்தாங்கிப் பக்கம் ஓர் உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். தை பிறந்ததும் ஊருக்கு ஊர் மின்னொளிக் கபடி தொடங்கிவிடும். அப்போதிருந்து ஆடி வரைக்கும் சனி, ஞாயிறு இரவுகளில் என் கையில் மைக் இருக்கும். 19 வருடமாக இப்படித்தான். இதில் கடைசி 8 வருடமாக, நான் வர்ணனை செய்யும் போட்டிகளை வைத்தே ரத்ததான முகாம் நடத்தி வருகிறோம். வேறு ஊர்களில் மைக் பிடிக்கும் தம்பிகள் சிலர், "அண்ணே, நாங்களும் செய்யணும், எங்கேருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்கிறார்கள். போனில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன். வாலிபால், கால்பந்து, டென்னிஸ் பால் கிரிக்கெட் என்று எதற்கு மைக் பிடித்தாலும் இது பொருந்தும்.

ஏன் ரத்தம் என்பதை முதலில் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அது புரியாமல் மைக்கில் கேட்டால் குரலில் பிடிப்பு இருக்காது. முகாம்களில் ரத்தம் கொடுப்பவர்களில் பெரும் பங்கு கல்லூரி மாணவர்கள். ஏப்ரல், மே வந்தால் கல்லூரிகளுக்கு விடுமுறை, முகாம்களும் குறைந்துவிடும். ஆனால் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள பிள்ளைக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றியே ஆகவேண்டும், மே மாதமாக இருந்தாலும். சரி, மார்ச்சிலேயே நிறைய எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்றால் முடியாது. சிவப்பணுக்களை 35 நாள், சேர்க்கும் திரவத்தைப் பொறுத்து அதிகபட்சம் 42 நாள் வைத்திருக்கலாம். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) என்றால் 5 நாள்தான். ரத்த மையத்தில் பைகள் குறையும் அதே மாதங்களில்தான் நம் ஆடுகளத்தைச் சுற்றி, திடகாத்திரமான ஆட்கள் நூற்றுக்கணக்கில் வந்து நிற்கிறார்கள். இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு விஷயம் மட்டும் கேளுங்கள்

முதல் வருடம் நான் எல்லாவற்றையும் கேட்டேன். ரத்தம் கொடுங்கள், கண் தானம் செய்யுங்கள், மரம் நடுங்கள், ஹெல்மெட் போடுங்கள். கேட்டவர்கள் கை தட்டினார்கள். அதோடு சரி.

வெளிநாட்டில் இதைச் செய்தவர்களைப் பார்த்துத்தான் தெளிவு வந்தது. ஜெஃப் ஸ்டெல்லிங், இங்கிலாந்தின் ஸ்கை தொலைக்காட்சியில் சனிக்கிழமைதோறும் கால்பந்து ஸ்கோர் நிகழ்ச்சியைப் பல வருடம் நடத்தியவர். 2016-ல் தன் ஊரான ஹார்ட்டில்பூலில் இருந்து லண்டன் வெம்பிளி மைதானம் வரை 10 நாளில் 10 மாரத்தான் தூரம் நடந்தார். புராஸ்டேட் புற்றுநோய் என்ற ஒரே காரியத்துக்காக. வழியில் இருந்த கால்பந்துக் கிளப்புகளின் மைதானங்களை எல்லாம் தொட்டுக்கொண்டு போனார். அவர் குரலைச் சனிக்கிழமைதோறும் கேட்டவர்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே அவரே நடந்து போனார்.

ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் கிளென் மெக்ராத்தை நமக்கெல்லாம் தெரியும். பந்து வீச்சை விட்டபின் வர்ணனைக்கும் வந்தவர். மார்பகப் புற்றுநோய் கண்ட அவர் மனைவி ஜேன் 2008-ல் இறந்தார். மறு வருடத்திலிருந்து சிட்னியில் ஜனவரி டெஸ்ட் இளஞ்சிவப்பு டெஸ்ட் ஆனது. மூன்றாம் நாள் ஆட்டம் ஜேன் பெயரில். அங்கே சேரும் பணம், புற்றுநோய் கண்டவர்களுக்குத் துணையாக இருக்கும் செவிலியர்களுக்குப் போகிறது. கேலரியில் உட்கார்ந்திருக்கும் சாதாரண ஆளுக்கும் தான் கொடுக்கும் காசு எங்கே போகும் என்று ஒரே வரியில் தெரியும்.

இரண்டாம் வருடத்திலிருந்து நான் ரத்தம் மட்டும்தான் கேட்கிறேன். உங்கள் ஊருக்கு வேறு ஏதாவது முக்கியமாகப் படலாம். எதுவானாலும் ஒரு சீசனுக்கு ஒன்று.

ரத்த மையத்துக்கு முதலில் போங்கள்

மைக்கில் அறிவிப்பதற்கு ஒரு மாதம் முன்பே இதை முடித்திருக்க வேண்டும். உரிமம் உள்ள ரத்த மையம்தான் முகாம் நடத்த முடியும். நாம் இடமும் ஆளும் மட்டும் ஏற்பாடு செய்கிறோம். நான் அரசு மருத்துவமனை ரத்த மையத்தோடு மட்டும் சேர்ந்து செய்கிறேன், ஏனென்றால் எங்கள் சனம் போய்ப் படுப்பது அங்கேதான். விழா கமிட்டியின் லெட்டர்பேடில் ஒரு கடிதம், உத்தேசமாக எத்தனை பேர் வருவார்கள், எந்த இடம், எந்தத் தேதி. இதில் எத்தனை பேர் என்பதைக் கூட்டிச் சொல்லாதீர்கள். நூறு பேர் என்று சொல்லி அவர்கள் பைகளோடும் வண்டியோடும் வந்து, இருபது பேர் நின்றால் அடுத்த வருடம் உங்கள் கடிதம் மேசையிலேயே கிடக்கும்.

இடத்துக்கு நான் ஊராட்சிப் பள்ளிக்கூடத்தைக் கேட்டு வாங்குகிறேன். மின்விசிறி, நல்ல வெளிச்சம், கழிப்பறை, கை கழுவத் தண்ணீர், மேசை ஆறு, நிழலில் காத்திருக்க நாற்காலி. மைக் செட்காரரிடம் சொல்லி இரண்டு பெடஸ்டல் பேனும் வாங்கிக்கொள்வேன். மே மாத வெயிலில் காற்றோட்டம் இல்லாத அறையில் ஆள் மயங்கி விழுந்தால், அதைப் பார்த்த பத்துப் பேர் வாசலோடு திரும்பிவிடுவார்கள்.

தேதியில் நான் பட்ட பாடு

இதை விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் முகாமை இறுதிப்போட்டி முடிந்த மறுநாள் காலையில் வைத்தோம். கூட்டம் சூடாக இருக்கும்போதே கூப்பிட்டுவிடலாம் என்ற கணக்கு. இறுதிப்போட்டி முடியும்போது விடிய ஒரு மணி நேரம் இருந்தது. பெயர் கொடுத்த 61 பேரில் 14 பேர்தான் வந்தார்கள். வந்தவர்களும் தூங்காத கண்ணோடு, வெறும் வயிற்றோடு வந்தார்கள். இருவருக்கு மயக்கம். சிலர் இரவு குடித்திருந்ததால் மருத்துவர் திருப்பி அனுப்பினார். தூங்கி, சாப்பிட்டு, தெளிவாக வந்தவரிடம்தான் ரத்தம் எடுக்க முடியும். அதை யோசிக்காதது என் பிழை.

அதிலிருந்து, இறுதிப்போட்டிக்கு அடுத்த ஞாயிறு காலை 9 மணி என்று வைத்துக்கொண்டோம். ஒரு வாரம் இடைவெளி விட்டால் ஆட்கள் மறந்துவிடுவார்கள் என்ற பயம் உங்களுக்கு வரும். அதற்கு வழி இருக்கிறது. ஸ்கோர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு தம்பியை நோட்டோடு உட்கார வைப்போம். பெயர், ஊர், போன், ரத்த வகை தெரிந்தால் அது. முகாமுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒவ்வொருவருக்கும் ஆளே போன் செய்து பேசவேண்டும். குறுஞ்செய்தி போதாது. "அண்ணே, காலையில சாப்பிட்டுட்டு வாங்க, ராத்திரி நல்லா தூங்குங்க" என்று வீட்டு ஆள் சொல்வதுபோல் சொன்னால் வருகிறார்கள்.

ஆட்டக்காரர்களை சீசனில் நான் கேட்பதே இல்லை. ரத்தம் கொடுத்த அன்று கடும் உடற்பயிற்சி கூடாது. போன சிவப்பணுக்கள் பழையபடி சேர வாரக்கணக்கில் ஆகும். அடுத்த சனிக்கிழமை ரைடு போகவேண்டிய பையனை மேடையில் வைத்து, "நீங்களும் கொடுக்கலாமே" என்று மைக்கில் கேட்டால் அவனால் மறுக்கவும் முடியாது. அப்படிக் கேட்பது சரியில்லை. ஆடி முடிந்து ஆட்டம் ஓய்ந்தபின் அவர்களுக்குத் தனியாகச் சொல்லலாம்.

மைக்கில் எப்போது, எவ்வளவு

கபடியில் ஒரு ரைடு 30 நொடி. என் வேண்டுகோளும் அதற்குள் முடியும். பாதி நேர இடைவேளையில், இல்லையென்றால் நடுவர்கள் புள்ளியைச் சரிபார்க்கும் நேரத்தில் சொல்வேன். ஆட்டம் ஓடும்போது ஒருநாளும் சொல்லாதீர்கள். மூன்றாவது ரைடு, புள்ளி எடுத்தே ஆகவேண்டும், ஆள் கோட்டைத் தொட எட்டிக் கிடக்கிறான், அந்த நேரத்தில் ரத்ததானம் பேசினால் சனத்துக்கு எரிச்சல்தான் வரும். ஆட்டத்தை ஒழுங்காகச் சொல்கிறவன் என்பதற்காகத்தான் நம் பேச்சுக்குக் காது கொடுக்கிறார்கள்.

இரவு 8 மணியிலிருந்து 9 வரை நல்ல நேரம். பெண்கள், பெரியவர்கள் எல்லாரும் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். "அவன் வேணாம்னு சொன்னாலும் நான் அனுப்புறேன்" என்று தாய்மார்கள் பெயர் கொடுத்த வீடுகள் உண்டு. அவர்களே கொடுக்க வந்ததும் உண்டு.

நான் சொல்வது இதுதான், வேண்டுமானால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: "அன்பான ரசிகர்களே, வரும் ஞாயிறு காலை 9 மணி, நம்ம பள்ளிக்கூடத்துல ரத்ததான முகாம். 18 வயசு முடிஞ்சு 65-க்குள்ள இருக்கணும். எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது. கடைசியா கொடுத்து ஆம்பளைங்களுக்கு 3 மாசம், பொம்பளைங்களுக்கு 4 மாசம் ஆகியிருக்கணும். பேரை ஸ்கோர் மேசையில கொடுங்க." அவ்வளவுதான். 'உயிர் காக்கும் உன்னதப் பணி' மாதிரியான வரிகளை நான் விட்டுவிட்டேன். ஊர் ஆட்களுக்கு என்ன தெரியவேண்டுமோ அதைச் சொன்னால் போதும்.

இரண்டாவது இடைவேளையில் பயத்தைப் பற்றி ஒரு வரி சொல்வேன். எடுப்பது 350 மில்லி, பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும், போன நீர்ச்சத்து ஓரிரு நாளில் ஊறிவிடும். வயலில் வேலை செய்கிறவர்கள் இதைத்தான் கேட்கிறார்கள். மறுநாள் மண்வெட்டி பிடிக்கலாமா என்று. அன்றைக்கு மட்டும் கனத்த வேலை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நீலத் தண்ணீரில் ஒரு சொட்டு

முகாம் அன்று நீங்கள் வாசலில் நில்லுங்கள். உள்ளே போய்ப் படம் எடுத்துக்கொண்டிருக்காதீர்கள். முதல் மேசையில் படிவம், அடுத்து எடை, ரத்த அழுத்தம், அப்புறம் விரல் நுனியில் ஒரு குத்து. அந்த ஒரு சொட்டை மயில்துத்தக் கரைசல் இருக்கும் சிறு கண்ணாடிக் குப்பியில் விடுவார்கள். நல்ல நீல நிறம். சொட்டு நேராக அடியில் போய் உட்கார்ந்தால் ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையாமல் இருக்கிறது என்று அர்த்தம். தயங்கி மேலேயே நின்றால் குறைவு. சில மையங்களில் இப்போது சின்ன மீட்டரில் பார்க்கிறார்கள், எங்களுக்கு வருகிறவர்கள் இன்னும் குப்பிதான்.

மூன்றாம் வருட முகாம் என்று நினைவு. எங்கள் பகுதியில் நல்ல ரைடர், பெயர் வேண்டாம், இனி அந்த சீசனில் ஆட்டம் இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்தான். அவன் உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் ஜன்னலில் ஏறிக்கொண்டார்கள். விரலைக் குத்தி சொட்டை விட்டார்கள். அது குப்பியின் நடுவில் வந்து நின்றது. ஒரு கடுகு அளவு சிவப்பு, நீலத்தில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு மெல்ல மேலே ஏறியது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். 68 கிலோ உடம்பு, ஆறு பேரை இழுத்துக்கொண்டு கோட்டைத் தொடுகிற கால்கள். செவிலியர் அக்கா அவன் தோளில் கை வைத்து, "தம்பி, உனக்கே ரத்தம் கம்மியா இருக்கு, முதல்ல உன்னைப் பாரு" என்று மெதுவாகச் சொன்னார். அவன் வெளியே வந்தபோது ஜன்னலில் இருந்த பையன்கள், "ஏண்ணே, ஏண்ணே" என்று மொய்த்துவிட்டார்கள்.

அன்றைக்குக் கற்றுக்கொண்டது இரண்டு. ஒன்று, திரும்பி வருகிறவரை யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. ஊரில் இது பெரிய விஷயம். எடுக்கும் ரத்தத்தை எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, பால்வினை நோயான சிபிலிஸ், மலேரியா என்று ஐந்துக்கும் பரிசோதிப்பார்கள் என்பது பலருக்குத் தெரியும். ஒருவர் ரத்தம் கொடுக்காமல் வெளியே வந்தால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். அதனால் முகாம் அறிவிக்கும்போதே மைக்கில் சொல்லிவிடுகிறேன்: "எடை, பிரஷர், ரத்தம் கம்மி, போன வருஷம் பச்சை குத்தினது, மாத்திரை சாப்பிடுறதுன்னு இருபது காரணத்துக்குத் திருப்பி அனுப்புவாங்க. யாரும் யாரையும் கேக்கக் கூடாது." வாழைப்பழமும் பிஸ்கட்டும் டீயும் கொடுத்தவருக்கும் திரும்பியவருக்கும் ஒன்றுபோல. நன்றி அட்டையை மேடையில் கூப்பிட்டுக் கொடுப்பதையும் நிறுத்திவிட்டோம். கூப்பிடாத பெயரை ஊர் கவனிக்கும்.

இரண்டாவது, ஆடுகிற பிள்ளைகளின் உடம்பை நாம் யாரும் பார்ப்பதில்லை. அடுத்த வருடம் சுற்றுவட்டாரப் பெண்கள் அணிகளின் பயிற்சியாளர்களிடம் பேசி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் ஹீமோகுளோபின் பார்க்க வைத்தோம். ரத்தம் எடுக்க இல்லை, பாதிக்கு மேல் 18 வயது ஆகாத பிள்ளைகள். பலருக்குக் குறைவாக இருந்தது. இரும்புச்சத்து மாத்திரையும் பூச்சி மாத்திரையும் அங்கேயே இலவசம். கமிட்டிகளிடம் நான் ஒன்று கேட்டு வாங்கினேன்: பெண்கள் ஆட்டத்தைக் கடைசியில் தள்ளாமல் முதலில் வைப்பது, ஆண்கள் அணிக்கு என்ன சாப்பாடோ அதே சாப்பாடு, அதே முட்டை அவர்களுக்கும். முன்பெல்லாம் பிள்ளைகள் தயிர்சாதப் பொட்டலத்தோடு நள்ளிரவு வரை உட்கார்ந்திருப்பார்கள். இதைக் கேட்க வர்ணனையாளருக்கு உரிமை உண்டு. கமிட்டிக்கு நம் குரல் வேண்டும்.

துண்டுச் சீட்டு

மைக் பிடித்தவனுக்கு இரவு முழுக்கச் சீட்டு வந்துகொண்டே இருக்கும். நன்கொடை, காணாமல் போன குழந்தை, வண்டியை நகர்த்தச் சொல்லி, நடுவில், "அவசரம், பி நெகட்டிவ்". ஒரு முறை அப்படி வந்த சீட்டை அதில் இருந்த எண்ணோடு மூன்று முறை வாசித்துவிட்டேன். அது நோயாளியின் அக்கா எண். ரத்தம் அன்றிரவே கிடைத்துவிட்டது. போன் நிற்கவில்லை. நல்ல மனசோடு கூப்பிட்டவர்கள் நிறைய. நடுராத்திரியில் தப்பாகப் பேசியவர்களும் இருந்தார்கள். அந்தப் பெண் என்னைக் கண்டுபிடித்துப் போனில் அழுதார். தம்பி படுக்கையில் கிடக்கும்போது இதையும் தாங்க வேண்டியிருந்தது அவருக்கு. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், அதற்குமேல் என்னால் எதுவும் திருப்ப முடியவில்லை.

இப்போது எந்த வீட்டு எண்ணையும், நோயாளியின் பெயரையும் நான் வாசிப்பதில்லை. கமிட்டியின் ஒரே எண்தான். வாசிக்கும் முன் ஒருவர் மருத்துவமனை ரத்த மையத்துக்குப் போன் செய்து, இந்த வார்டில் இந்த வகைக்குக் கோரிக்கை வந்திருக்கிறதா, எத்தனை யூனிட், இன்னும் தேவையா என்று கேட்டுவிடுவார். எந்த மையத்தில் எந்த வகை இருப்பில் இருக்கிறது என்பதை மத்திய அரசின் இ-ரக்த்கோஷ் தளத்திலும் பார்க்கலாம். தேவை முடிந்ததும் அதே மைக்கில், "பி நெகட்டிவ் கிடைச்சிருச்சு, யாரும் கிளம்ப வேண்டாம்" என்று சொல்லவேண்டும். ரத்தத்துக்குக் காசு என்று யாராவது வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி காசுக்கு ரத்தம் கொடுப்பது 1998-லிருந்து தடை செய்யப்பட்டது.

நன்கொடைச் சீட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் எழுதித் தருவார்கள். நான் பெயரையும் ஊரையும் மட்டும் வாசிப்பேன். ஆரம்பத்தில் இரண்டு கமிட்டிகள் கோபித்துக்கொண்டு வேறு ஆளை அழைத்தன. ஒரு கமிட்டி திரும்பி வந்தது. முகாமுக்கு எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் வரவேண்டும் என்றால், மைக்கில் எல்லாத் தெருவுக்கும் ஒரே மரியாதை இருக்கவேண்டும்.

பணம்

முகாமுக்கு நான் பணம் தொடுவதில்லை. டீ, பழம், சாமியானா எல்லாம் பொருளாகவே கேட்கிறோம், கொடுத்தவர் பெயரை வாசிக்கிறோம். ஆனால் ஆடும்போது ஒரு பையனுக்கு முட்டி போய்விட்டால், சனமே துண்டு ஏந்தச் சொல்லும். தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஏந்தினால், ஸ்கோர் மேசையில் வைத்து இரண்டு அணி கேப்டன்களும் எண்ணவேண்டும். தொகையை ரூபாய் விடாமல் அப்போதே மைக்கில் சொல்லி, பையனின் வீட்டாரிடம் கொடுத்து நோட்டில் கையெழுத்து வாங்குங்கள். பெரிய சிகிச்சை என்றால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை காப்பீடு. அட்டை எடுக்காத வீடுகள் இன்னும் இருக்கின்றன. துண்டில் விழும் நாலாயிரத்தைவிட இந்த ஒரு தகவல் பல வீட்டுக்கு உதவியிருக்கிறது. ஓய்ந்துபோன ஆட்டக்காரர்களுக்காக சுனில் கவாஸ்கர் சாம்ப்ஸ் என்ற அறக்கட்டளையே வைத்திருக்கிறார், அது நாட்டுக்காக ஆடியவர்களுக்கு. நம் ஊர்க் கோட்டுக்குள் ஆடி முட்டி போனவனுக்கு நம் மைக்தான் இருக்கிறது.

முகாம் முடிந்ததும்

அடுத்து எந்த ஊரில் போட்டியோ, அங்கே முதல் ஆட்டத்துக்கு முன்னால் கணக்குச் சொல்லுங்கள். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பை எடுத்தார்கள், எந்த மருத்துவமனைக்குப் போனது. குறைவாக இருந்தாலும் உள்ளதைச் சொல்லுங்கள். போன வருடம் 43 பை. அதை 43 என்றுதான் சொன்னேன், ஐம்பதுக்கு மேல் என்று சொல்லவில்லை.

பெயர் நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அடுத்து எப்போது கொடுக்கலாம் என்று தேதி போட்டு வையுங்கள். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120. மே 11 கொடுத்த ஆணுக்கு ஆகஸ்ட் 9. அந்த வாரத்தில் ஒரு போன் போதும். சீசன் முடிந்து மைக்கை உறையில் போட்டுவிட்டிருப்பேன். சாயங்காலம் கடையில் கணக்கை மூடியபிறகு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, நாளைக்கு ஐந்து பேர் என்று கூப்பிடுவேன். போனை எடுத்ததும் பாதிப் பேர், "அண்ணே, மைக்குல கேக்குற குரல் மாதிரியே இருக்கே" என்பார்கள். அப்புறம், அடுத்த முகாம் எப்போது என்று அவர்களே கேட்பார்கள்.